காசு கொடுத்து வாங்கிய இரைச்சல்

சினிமாவில் சவுண்ட் ரிக்கார்டிஸ்ட்டாக இருப்பவருக்கு எதிரிகள் யார் யார்? காக்கா, மோட்டார் சைக்கிள், ஆகாய விமானம்... அப்புறம் ரயில். கதாநாயகி கண்ணில் நீர் தளும்ப வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் 'கூ...' என்று ஒரு விசில் கேட்டால் தீர்ந்தது கதை. இன்னொரு டேக்!

அப்பேர்ப்பட்ட தொழிலில் இருந்த ஓர் ஆங்கிலேயர், ஷூட்டிங் இல்லாத நாட்களில் மைக்கைத் தூக்கிக்கொண்டு அந்த ரயிலைத் தேடியே போனார். பீட்டர் ஹேண்ட்ஃபோர்டு என்று பெயர். 1919-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் திரைப்படப் பிரிவில் இருந்தார். ஹிட்ச்காக், டேவிட் லீன் போன்ற ஜாம்பவான்களின் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்தார். 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா' படத்துக்காக 1986-ல் ஆஸ்கர் மேடையில் விருது வாங்கிய ஒலிப்பதிவுக் குழுவில் அவரும் ஒருவர். இத்தனையும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1950களின் நடுவில் அவர் 'டிரான்ஸகார்ட்' என்ற தன் கம்பெனியின் பெயரில் கிராமபோன் தட்டுகள் வெளியிட ஆரம்பித்தார். அவற்றில் பாட்டு கிடையாது, பேச்சும் கிடையாது. நீராவி இன்ஜின் மேடேறும் சத்தம் மட்டும்தான்.

'இதைப்போய் எவன் காசு கொடுத்து வாங்குவான்?' என்றுதானே கேட்கத் தோன்றுகிறது? வாங்கினார்கள். 1960களில் 'ஆர்கோ' என்ற பெயர்பெற்ற இசைத்தட்டு கம்பெனியே இந்தத் தட்டுகளை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. கவிதை, நாடகம், தேவாலய இசை என்று கௌரவமான சரக்கு விற்றுக்கொண்டிருந்த கம்பெனி அது!

சரி, ரயில் சத்தம் என்றால் ரயில்வே ஸ்டேஷனிலேயே மைக்கை நீட்டிவிட்டு வரலாமே... எதற்காக ஊர் பேர் இல்லாத மலைச்சரிவில் போய் நிற்கவேண்டும்?

அதற்கு நீராவி இன்ஜின் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரியவேண்டும். பயப்படாதீர்கள், ஒரே பாராதான். பாய்லரிலிருந்து வரும் நீராவி, சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறது. வேலை முடிந்த நீராவியைச் சும்மா வெளியே விடாமல், புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குழாய் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது வெளியே பாயும்போது கூடவே புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில் அடுப்புக்குள் காற்று புகுந்து நெருப்பு இன்னும் பலமாக எரிகிறது. ஆக, நாம் கேட்கிற 'ஜக்... ஜக்...' வெறும் இரைச்சல் அல்ல, இன்ஜின் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்கிற சத்தம். பாரம் கூடக்கூட நீராவி அதிகம், ஊதல் அதிகம், நெருப்பு அதிகம், சத்தமும் அதிகம். இறக்கத்தில் டிரைவர் நீராவியை மூடிவிடுவார். அப்போது சக்கரம் உருளும் ஓசை தவிர வேறு பேச்சு இருக்காது. சமவெளியில் முழு வேகத்தில் பறந்தால் ஒரே 'உஸ்ஸ்...'தான். தனித்தனியாக, கணீர் கணீர் என்று ஒவ்வொரு மூச்சும் கேட்கவேண்டுமென்றால் இன்ஜின் மெதுவாகப் போகவேண்டும், ஆனால் முழு பலத்தோடு இழுக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து நடப்பது மேட்டில் மட்டும்தான்.

சாதாரண இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு மூச்சு. நம் ஊர்க் குழந்தைகளின் 'ஜிக்-கு-புக்-கு' இருக்கிறதே, அதிலும் நான்கு தட்டு! எந்தப் பொடிசு எண்ணிப் பார்த்து வைத்ததோ, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் சுற்றுக்கு ஆறு. சக்கரத்தின் அளவு தெரிந்தால் காதை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். ஆறடி விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 5.75 மீட்டர் நகரும். வினாடிக்கு மூன்று மூச்சு கேட்டால், வண்டி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் வருகிறது என்று அர்த்தம். இன்ஜின் கொட்டகை மெக்கானிக்குகள் இன்னும் ஒரு படி மேலே. நான்கு மூச்சில் ஒன்று மட்டும் மெலிந்து கேட்டால், எந்த வால்வில் கோளாறு என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிதான்.

இங்கிலாந்தில் இந்தச் சத்தத்துக்குப் பேர்போன இடங்களில் ஒன்று 'லிக்கி' ஏற்றம். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே, பிரம்ஸ்குரோவ் என்ற ஊரிலிருந்து பிளாக்வெல் வரை இரண்டு மைல். 37.7 அடி போனால் ஓர் அடி உயரவேண்டும். கார்க்காரர்கள் 'இதெல்லாம் ஒரு மேடா?' என்று சிரிப்பார்கள். ஆனால், வழவழப்பான இரும்பின்மேல் வழவழப்பான இரும்புச் சக்கரம் ஓடுகிற கதையில் அது செங்குத்து மாதிரி. 1830களின் பிற்பகுதியில் பாதை போடத் திட்டமிட்டபோது, பெரிய பெரிய இன்ஜினீயர்களே 'இங்கே இன்ஜின் ஏறாது' என்று கைவிரித்தார்கள். வில்லியம் மூர்சம் என்பவர் மட்டும் 'ஏறும்' என்று பிடிவாதமாக நேர்க்கோட்டில் பாதை போட்டார். உள்நாட்டு இன்ஜின்கள் கைகொடுக்காது என்று, அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்து நாரிஸ் கம்பெனி இன்ஜின்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். இங்கிலாந்து அமெரிக்காவுக்கு இன்ஜின் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் நடந்த தலைகீழ் வியாபாரம் அது! ஏறவும் செய்தன. 1840-ல் பாதை திறந்தது.

அதே வருஷம் நவம்பர் 10-ம் தேதி, பிரம்ஸ்குரோவ் ஸ்டேஷனில் ஓர் இன்ஜினின் பாய்லர் வெடித்தது. தாமஸ் ஸ்கேஃப், ஜோசப் ரூதர்ஃபோர்டு என்ற இரண்டு ரயில்வே ஊழியர்கள் இறந்துபோனார்கள். பிரம்ஸ்குரோவ் தேவாலய மயானத்தில் அவர்களுடைய கல்லறைக் கற்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கல்லின் மேல்பகுதியில் ரயில் இன்ஜினையே செதுக்கிவைத்திருக்கிறார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஏற்றத்தில் ஒரே நடைமுறைதான். வரும் வண்டி கீழே நிற்கும். பின்னால் ஒன்றோ, இரண்டோ, சில சமயம் அதற்கும் மேலோ இன்ஜின்கள் வந்து முட்டுக்கொடுக்கும். பேங்கர் என்று பெயர். 1919-லிருந்து 1956 வரை இந்த வேலைக்கென்றே பத்துச் சக்கர ராட்சச இன்ஜின் ஒன்று இருந்தது. 'பிக் பெர்த்தா' என்று செல்லப் பெயர். பின்னாலிருப்பவர் விசில் கொடுப்பார், முன்னாலிருப்பவர் பதில் விசில் கொடுப்பார். பிறகு இரண்டு கோடியிலும் ஒரே நேரத்தில் நீராவி திறக்கும். ரிக்கார்டிங் பைத்தியங்களுக்கு இங்கேதான் ஆனந்தம்! முன் இன்ஜினின் சக்கரம் பெரிது, பின் இன்ஜினின் சக்கரம் சிறிது. ஆகவே, இரண்டின் மூச்சும் ஒரே வேகத்தில் வராது. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் விழும், அப்புறம் மெள்ள விலகும், ஒன்றையொன்று துரத்தும், மறுபடி கைகோக்கும். மிருதங்கமும் கஞ்சிராவும் வெவ்வேறு நடையில் போய், சமத்தில் வந்து சேர்கிற மாதிரி! எந்த வித்வானும் திட்டமிடாத தனி ஆவர்த்தனம்.

இதைத் தட்டில் ஏற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. டேப் ரிக்கார்டரை ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. கம்பெனி 1935-ல் பெர்லின் கண்காட்சியில் காட்டியது. என்றாலும், அது மற்ற நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது போருக்குப் பிறகுதான். 1950களின் தொடக்கத்தில் நல்ல தரமான டேப் மெஷின் என்றால் பெட்டி பெட்டியாகச் சாமான். வீட்டு மின்சாரத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. மலைக்காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? வண்டியின் பேட்டரியையும், அந்த மின்சாரத்தை மாற்றித்தரும் ஒரு கருவியையும் நம்பவேண்டும்.

அதைவிடத் தலைவலி, சத்தத்தின் அளவு. வண்டி மூன்று மைல் தள்ளி இருக்கும்போது ஈ பறக்கிற மாதிரிதான் கேட்கும். பக்கத்தில் வரும்போது காது கிழியும். கிட்டத்துச் சத்தத்துக்கு ஏற்றபடி மெஷினை வைத்தால் தூரத்துச் சத்தம் டேப்பின் இரைச்சலில் மூழ்கிவிடும். தூரத்துக்கு ஏற்றபடி வைத்தால் கிட்ட வந்ததும் எல்லாம் கரகரவென்று உடைந்துபோகும். குமிழைத் திருகிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால், திருகுவது கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது. ஒரே ஒரு வாய்ப்பு. தப்பிவிட்டால், 'சார், கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஏறி வாங்க' என்று ஐந்நூறு டன் வண்டியிடம் சொல்லமுடியாது. காற்று அடித்தால் வீண், ஆடு கத்தினால்...

இல்லை, ஆடு கத்தினால் வீண் இல்லை. ஹேண்ட்ஃபோர்டு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இன்ஜினை மட்டும் பதிவு செய்யவில்லை, இன்ஜின் வருகிற இடத்தைப் பதிவு செய்தார். சிக்னல் கேபினுக்குள் மணி அடிக்கும். லீவரை இழுப்பார்கள். பறவை கூவும். ரொம்ப நேரம் எதுவுமே நடக்காது. பிறகுதான் எங்கோ பள்ளத்தாக்கில் முதல் மூச்சு. சினிமாக்காரருக்கே உரிய பொறுமை! ஹீரோ முதல் ரீலிலேயே வந்துவிடக் கூடாது என்று தெரிந்தவர். 'ட்ரெய்ன்ஸ் இன் தி நைட்' என்று முழுக்க முழுக்க ராத்திரி வண்டிகளுக்காகவே ஒரு தட்டு போட்டார்.

இன்னொரு சிக்கல், தட்டின் நீளம். பழைய 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் கொள்ளும். லிக்கியின் இரண்டு மைலை மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் பதின்மூன்று நிமிஷம் ஆகும்! மலையின் கால்வாசி ஏறுவதற்குள் தட்டைத் திருப்பிப் போடவேண்டிய கதை. லாங் பிளே தட்டு பரவலாக வந்த பிறகுதான், மலை அடிவாரத்தில் ஆரம்பித்து உச்சியில் முடிகிற முழு ஏற்றத்தையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுவிடாமல் கேட்க முடிந்தது. சரியாகச் சொன்னால், நாம் மூச்சுவிடாமல்... இன்ஜின் விட்டபடி!

அவர் திரும்பத் திரும்பப் போன இன்னோர் இடம், இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் 'ஷாப்'. ஸ்காட்லாந்துக்குப் போகும் பிரதான பாதை. 1840களில் அதைப் போட்ட ஜோசப் லாக், உச்சியில் சுரங்கம் குடைந்தால் பணமும் நாளும் செலவாகும் என்று கணக்குப் போட்டு, மலைமேலேயே தண்டவாளத்தை ஏற்றிவிட்டார். 1846-ல் வண்டி ஓடியது. அவர் மிச்சப்படுத்திய பணத்துக்கு வட்டி கட்டியவர்கள் யார் தெரியுமா? அடுத்த 120 வருஷம் அந்த 75-க்கு ஒன்று மேட்டில் நிலக்கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்கள்! டீபே என்ற கிராமத்திலிருந்து நாலு மைல் நெடுகிலும் விடாத ஏற்றம். மழைக்காலத்தில் ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். மெதுவாக வந்துகொண்டிருந்த மூச்சு திடீரென்று 'தடதடதட' என்று பொறிந்து அடங்கும். டிரைவர் நீராவியைக் குறைத்து, சக்கரத்துக்கு அடியில் மணல் தூவி, மறுபடி மெள்ள இழுப்பார். அடுத்த மூச்சு வருமா, வராதா என்று கேட்கிற நமக்கே வயிற்றைப் பிசையும். இன்ஜின்மேலேயே ஏறி எடுத்த பதிவுகளில் இன்னொன்றும் கேட்கும். கரண்டி இரும்புத் தரையில் உரசும் சத்தம். கரி, அடுப்பு, கரி, அடுப்பு... புகைபோக்கியின் கம்பீரத்துக்குப் பின்னால் ஒரு மனிதனின் முதுகு வளைந்து நிமிர்வது அந்த உரசலில்தான் தெரிகிறது. இந்தத் தட்டுகளைப் பழைய ஞாபகச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் அந்த இடத்தை ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஏன் இந்த அவசரம்? 1955 ஜனவரியில் பிரிட்டிஷ் ரயில்வே தன் நவீனத் திட்டத்தை அறிவித்தது. நீராவிக்கு முற்றுப்புள்ளி, இனிமேல் டீசலும் மின்சாரமும் என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் எதிர்பார்த்ததைவிட வேகமாக எல்லாம் நடந்தது. சாமர்செட் அண்ட் டார்செட் என்ற அழகான மலைப்பாதை 1966 மார்ச்சில் அடியோடு மூடப்பட்டது. ஷாப்பில் 1967 கடைசியோடு நீராவி நின்றது. நாடு முழுக்க 1968 ஆகஸ்ட்டில்.

'இன்ஜின்களைத்தான் மியூசியத்தில் வைத்திருக்கிறார்களே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டியும் காட்டுகிறார்களே' என்பீர்கள். உண்மைதான். இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம், பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கலாம். ஆனால் சரியாகப் பராமரிக்காத ஓர் இன்ஜின், சுமாரான கரி, அளவுக்கு மீறிய சரக்கு, ராத்திரி இரண்டு மணி, தூறல் - இந்தச் சேர்க்கையை எந்த மியூசியத்தாலும் திரும்பச் செய்துகாட்ட முடியாது. அது டேப்பில் இருந்தால் உண்டு.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே நேரத்தில் ஒருவர் இதே காரியத்தில் இறங்கியிருந்தார் என்பது சரித்திரத்தின் தமாஷ். நியூயார்க்கைச் சேர்ந்த வின்ஸ்டன் லிங்க், விளம்பரப் படங்கள் எடுக்கும் போட்டோகிராபர். அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகளில் கடைசிவரை நீராவியைக் கட்டிக்கொண்டு அழுதது வர்ஜீனியாவின் 'நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன்'. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவில் ஓடும் ரயில், கரி இன்ஜினை விடுமா! 1955 ஜனவரியில் - அதே மாதத்தைக் கவனியுங்கள் - லிங்க் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர், அந்த ரயில்களைப் பார்த்து மயங்கினார். அடுத்த ஐந்து வருஷம் கைக்காசைச் செலவழித்து, ராத்திரியில் நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்தார். அந்த போட்டோக்கள் உலகப் புகழ் பெற்றன. கூடவே டேப் ரிக்கார்டரும் வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. புளூ ரிட்ஜ் மலையில் பத்தாயிரம் டன் நிலக்கரியை முன்னாலும் பின்னாலும் ராட்சச இன்ஜின்கள் ஏற்றிக்கொண்டு போகும் சத்தத்தைப் பதிவு செய்தார். 1957-ல் முதல் தட்டை வெளியிட்டார்.

அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. ரூரல் ரிட்ரீட் என்ற சின்ன ஊர். தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பாடல்களை மணியோசையாக வாசிக்க ஏற்பாடு செய்துவிட்டு, லிங்க் மைக்கோடு காத்திருந்தார். 'பெலிகன்' எக்ஸ்பிரஸ் தூரத்தில் விசில் கொடுத்தபடி வருகிறது, நிற்கிறது, மறுபடி கிளம்பி இருட்டுக்குள் போகிறது. மணியோசை நிற்கவில்லை. அந்தத் தடத்தில் பயணிகள் ரயிலை நீராவி இழுத்த கடைசி நாட்கள் அவை. ஹேண்ட்ஃபோர்டு காத்திருந்து பிடிப்பவர், லிங்க் அரங்கம் அமைத்துப் பிடிப்பவர். 'தேவாலய மணியை ஏற்பாடு செய்தது போங்கு ஆட்டம்' என்று சுத்தக்காரர்கள் முணுமுணுக்கலாம். கேட்டால் மன்னித்துவிடுவார்கள். 1960-ல் அந்த ரயில்வேயும் நீராவிக்கு விடைகொடுத்தது.

நம் நாட்டில்? மும்பைக்கும் புனேக்கும் நடுவில் இருக்கும் போர் காட் மலைப்பாதை 37-க்கு ஒன்று. கிட்டத்தட்ட லிக்கியின் அண்ணன் தம்பி. 1863-ல் திறந்தது. ஆனால் அங்கே 1930 வாக்கிலேயே மின்சார இன்ஜின் வந்துவிட்டது. டேப் ரிக்கார்டர் பிறப்பதற்கு முன்பே அந்தச் சத்தம் செத்துப்போயிற்று. இன்று அது எப்படி ஒலித்தது என்று கேட்க வழியே இல்லை. அகல ரயில் பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் 1995-டன் நின்றன.

மிச்சம் இருப்பது நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. டேவிட் லீன் 'எ பாஸேஜ் டு இந்தியா' படத்துக்காகத் தேடிவந்து படம் பிடித்த நீலகிரி மலை ரயில்! 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். லிக்கியைவிட மூன்று மடங்கு செங்குத்து. வெறும் சக்கரம் இங்கே ஏறாது. நடுவில் பல் வைத்த தண்டவாளம் போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஸ்விட்சர்லாந்து டிசைன். கல்லாறு ஸ்டேஷன் தாண்டி பல் தண்டவாளம் தொடங்கும்போது, அதுவரை சும்மா இருந்த இன்னொரு ஜோடி சிலிண்டர்கள் வேலைக்கு வருகின்றன. அவை கீழே உள்ளவற்றைவிட வேகமாக இயங்குகின்றன. வண்டி நடைவேகத்துக்குச் சற்று மேலே போய்க்கொண்டிருக்கும், மூச்சு மட்டும் ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி வாங்கும். உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அந்தத் தாளத்தை, அதில் போகிறவர்களில் பாதிப் பேர் 'ஹே...' என்று குகைக்குள் கத்துவதில் தவறவிடுகிறார்கள்.

பதிவு செய்ய இன்றைக்கு வண்டி பேட்டரியெல்லாம் வேண்டாம், சட்டைப்பையில் இருக்கும் செல்போன் போதும். ஆனால் ஒன்று. இங்கே இன்ஜின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. எல்லோரும் முண்டியடிக்கிற முதல் பெட்டி கண்ணுக்குத்தான் லாபம். காதுக்கு, கடைசிப் பெட்டியின் பின் ஜன்னல். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது பாய்லர் உள்ளே முனகுவதுகூடக் கேட்கும். டீ குடிக்கப் போகிறவர்கள் போகட்டும்.